மனைவிக்கு உடல்நலக் குறைவு காரணமாக

ஜூலை 3, திங்கள்

இந்த டைரி புத்தகக் கடைக்காரர் ஜனவரியில் கொண்டுவந்து கொடுத்தது. வக்கீல்களுக்கென்றே அச்சடிப்பது. பக்கத்துக்குப் பக்கம் ‘வழக்கு எண்’, ‘எதற்காக’, ‘அடுத்த வாய்தா’ என்று மூன்று கட்டம் போட்டிருக்கும். நான் தொழிலை விட்டு மூன்று வருஷம் ஆகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. நாற்பத்து நான்கு வருஷம் கோர்ட்டில் நின்றவன் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டான்.

ஆறு மாதம் சும்மா கிடந்ததை இன்று எடுக்கக் காரணம் உண்டு. வக்கீல் சங்கச் செயலாளர் பிரபாவதி காலையில் போன் செய்தாள். இருபத்திரண்டாம் தேதி மூத்த வக்கீல்களுக்குப் பாராட்டு விழாவாம். எனக்கு ஒரு சால்வை. வாங்கிப் போர்த்திக்கொண்டு பேசாமல் உட்கார விடமாட்டார்கள், அரை மணி நேரம் பேச வேண்டும். தலைப்பு ‘தொழிலில் வாய்மை’. “நீங்க பேசுனா ஜாலியா இருக்கும் சார்” என்றாள். வாய்மையைப் பற்றி வக்கீல் பேசினால் ஜாலியாகத்தான் இருக்கும்.

சுலோச்சனா வீட்டில் இருந்திருந்தால் தலைப்பைக் கேட்டதுமே சிரித்திருப்பாள். அவள் கோயமுத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேத்திக்குச் சளி. பத்து நாளில் வருவதாகப் போனவள். இன்றோடு இருபத்து மூன்று நாள். பிடிவாதமான சளி.

மதியம் சாதம் குழைந்துவிட்டது. ரசத்துக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று சந்தேகம். சந்தேகத்தின் பலனை ரசத்துக்கே அளித்துப் போடாமல் விட்டேன். போட்டிருக்கலாம்.

ஜூலை 5, புதன்

பேச்சுக்குக் குறிப்பு எடுக்கிறேன்.

பிரமாண வாக்குமூலத்தின் கடைசி வரி: ‘மேலே கண்டவை யாவும் என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டிய வரையில் உண்மை.’ இந்தத் தொழிலே அந்த ‘எட்டிய வரையில்’ தயவில்தான் நடக்கிறது. யாருடைய அறிவு எவ்வளவு தூரம் எட்டும் என்று எந்தக் கோர்ட்டும் அளந்து பார்த்ததில்லை. வேலித் தகராறில் என் கட்சிக்காரர் ஒருவர் பக்கத்துத் தோட்டத்துத் தென்னை மரம் தன்னுடையது என்று சத்தியம் செய்தார். எப்படிங்க என்று கேட்டேன். “அதும்பட நெழலு எம்பட காட்டுலதானுங்க உழுகுது” என்றார். நிழல் தன் தோட்டத்தில் விழுவதால் மரமும் தன்னுடையதாம். எட்டிய வரையில் உண்மை.

சாட்சிகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது மூன்றே பதில்கள். ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’, ‘ஞாபகம் இல்லீங்க’. முதல் இரண்டிலும் மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது. மூன்றாவதில் பிரம்மாவாலும் பிடிக்க முடியாது. ஒருவன் மண்டைக்குள் புகுந்து ஞாபகத்தைத் தேடும் அதிகாரம் எந்த ஜட்ஜுக்கும் இல்லை. என் சாட்சிகள் மூன்றாவதை அவ்வளவு அழகாகச் சொல்வார்கள். சிலர் தங்கள் அப்பா பெயரையே மறந்து காட்டினார்கள்.

பத்து மணிக்கு ஆறுக்குட்டி வந்தார். நாற்பத்தொரு வருஷம் என்னிடம் குமாஸ்தா. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அவர் பெறவில்லை. தினமும் அதே நேரத்துக்கு வந்து, ஆபீஸ் அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போவார்.

“அந்தக் கொடல்வாலு கதையச் சொல்லுங்க வக்கீலய்யா. சிரிச்சே வயிறு புண்ணாயிருவாங்க” என்றார்.

குடல்வால் கதை இதுதான். வழக்கைத் தள்ளிவைக்க வாய்தா மனுப் போட வேண்டும், அதில் ஒரு காரணம் சொல்ல வேண்டும். எனக்கே காய்ச்சல் என்று எழுதினால் மறுநாள் டீக்கடையில் ஜட்ஜின் டபேதார் பார்த்துவிடுவான். ஆகவே ‘மனைவிக்கு உடல்நலக் குறைவு காரணமாக’ என்று எழுதுவேன். அந்த வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. மனுக்களின்படி சுலோச்சனாவுக்கு மஞ்சள் காமாலை, டைபாய்டு, முதுகெலும்புத் தேய்வு எல்லாம் வந்து போயின. ஒருமுறை குடல்வால் அறுவை என்று எழுதினேன். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “போன வருஷமே உங்க சம்சாரத்துக்குக் குடல்வாலை எடுத்தாச்சே வக்கீலய்யா?” என்றார். “அது அரைகுறையா எடுத்துட்டாங்க, யுவர் ஆனர்” என்றேன். கோர்ட்டே சிரித்தது. வாய்தாவும் கிடைத்தது.

இத்தனை நோய் வாங்கியவள் ஒரு நாள் தலைவலி என்று படுத்ததில்லை.

ஜூலை 9, ஞாயிறு

மேகலா போன் செய்தாள். பேத்தியின் சளி போய்விட்டதாம்.

“அம்மாகிட்டக் குடு அம்மிணி.”

“அம்மா குளிக்கறாங்கப்பா.”

புதன்கிழமையும் குளித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலையிலும் குளித்தாள், சாயங்காலமும் குளித்தாள். கோயமுத்தூரில் தண்ணீர்க் கஷ்டம் இல்லை போலும். என் மகள் காரணம் சொல்லும்போது குரலில் ஒரு சிறு நடுக்கம்கூட இல்லை. என் ரத்தம்.

தயிர் உறையவில்லை. மூன்றாவது நாள். மோர் ஊற்றுகிறேன், மூடி வைக்கிறேன், காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருக்கிறது, புளிப்பு மட்டும் ஏறியிருக்கிறது. அவள் எவ்வளவு சூட்டில் ஊற்றுவாள் என்று நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாள் பார்த்ததில்லை. தயிர் தினமும் இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஜூலை 12, புதன்

ஆபீஸ் அறையில் பழைய கேஸ் கட்டுகள் ஒரு மாதமாக அப்படியே கிடக்கின்றன. செல் அரிக்கிறது என்று ஜூன் மாதம் ஒழிக்க ஆரம்பித்தோம். பாதியில் நின்றுவிட்டது. தரையில் ஒரு கட்டின்மேல் சுலோச்சனாவின் படிக்கிற கண்ணாடி இருக்கிறது. எடுக்க மறந்து போயிருக்கிறாள். நான் எடுத்து வைக்கவில்லை.

ஒழித்த அன்று நன்றாகத்தான் ஆரம்பித்தது. நான் நாற்காலியில், அவள் தரையில். ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பழைய வாய்தா மனு நகல்களைப் படித்துப் படித்துச் சிரித்தாள். “ஏனுங்க, தொண்ணூத்தி நாலுல எனக்குக் கால் ஒடைஞ்சிருக்குது. எந்தக் காலுங்க?” “எடது காலுன்னு நெனைக்கறேன்.” “அதுதான் மழை வந்தா வலிக்குது!” கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அறுபத்தெட்டு வயதில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. இன்னும் நாலு நோயை எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு கட்டு அவள் கைக்கு வந்தது. அதன் உறையில் ஒரு தேதி. அவள் ஒரு கேள்வி கேட்டாள். நான் பதில் சொன்னேன். மறுநாள் காலை பஸ் ஏறினாள்.

ஜூலை 13, வியாழன்

‘ஞாபகம் இல்லை’ என்பது பதில்.

ஜூலை 16, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

தேதி 21.8.1986, வியாழக்கிழமை. மேகலாவுக்கு அப்போது மூன்று வயது. அன்று விடிகாலை சுலோச்சனாவுக்கு இரண்டாவது பிரசவம், நிறைமாதம். குழந்தை இறந்து பிறந்தது. பிரசவ ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் நடந்தால் பத்து நிமிஷம். நான் அன்று முழுக்கக் கோர்ட்டில் இருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் போனேன்.

“வாய்தா கேட்டேன், கெஞ்சினேன், அந்த ஜட்ஜ் மனுஷனே இல்லை, தரமாட்டேன்னுட்டார்” என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாள். முப்பத்தேழு வருஷம் நம்பினாள். என்மேல் ஒரு சொல் கோபம் இல்லை. கோபம் முழுவதும் அந்த ஜட்ஜ்மேல். மேகலா கல்யாணத்துக்கு அவர் தள்ளாத வயதில் கைத்தடியோடு வந்தார். சுலோச்சனா அவரை வாங்க என்று கேட்கவில்லை. தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போனாள். அந்த நல்ல மனிதர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன். போன வருஷம் அவர் இறந்தபோதும் அவள் துக்கத்துக்கு வரவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். அன்றன்று கோர்ட்டில் நடந்ததைக் கட்டின் உறையில் வக்கீல் தன் கையாலேயே குறித்துவைப்பான். கட்சிக்காரனிடம் ஒன்று சொல்லலாம், ஜட்ஜிடம் ஒன்று சொல்லலாம், உறையில் மட்டும் நடந்ததைத்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாய்தாவில் நாமே மாட்டிக்கொள்வோம். ஆகவே என் வாழ்க்கையின் உண்மை முழுவதும் செல் அரித்த அந்த உறைகளில்தான் இருக்கிறது. சுலோச்சனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்:

‘21.8.86. எதிர்த்தரப்பு வாய்தா மனு. ஆட்சேபித்தேன். மனு தள்ளுபடி. வாதி சாட்சி 2 குறுக்கு விசாரணை நாள் முழுதும்.’

வாய்தா கேட்டவர் எதிர்த்தரப்பு வக்கீல். அவருடைய மைத்துனிக்கு நிச்சயதார்த்தம். நான் ‘சரி’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் காலை பதினொரு மணிக்கு விடுதலை. எழுந்து நின்று ஆட்சேபித்தேன். மனுவில் ‘ஆட்சேபணை உண்டு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

“அன்னைக்கு நீங்க வாய்தா கேட்டீங்கதானுங்க?” என்றாள், தலை நிமிராமல்.

ஒரு மனைவி கேட்டதற்கு ஒரு சாட்சி பதில் சொன்னான். அது தானாக வந்துவிட்டது. வாய் பழகியிருந்தது.

ஜூலை 19, புதன்

அவள் போர்வையைத் துவைத்துப் போட்டேன். மழை தூறியது, ஓடிப்போய் எடுத்தேன். எடுத்தது சரியா, அதில் அவளுடைய தைல வாசனை போய்விட்டதே என்று இப்போது தோன்றுகிறது. துவைத்திருக்கக் கூடாது.

ஜூலை 22, சனி

விழா முடிந்தது. பேச்சு பிரமாதம் என்கிறார்கள். தென்னை மர நிழலுக்குக் கைதட்டல். அப்பா பெயரை மறந்த சாட்சிக்குக் கைதட்டல். குடல்வாலுக்கு, ஆறுக்குட்டி சொன்னபடியே, முன்வரிசையில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சால்வை போர்த்தும்போது பிரபாவதி மைக்கில் கேட்டாள்: “சார், மேடத்தையும் சேத்து கௌரவிக்கலாம்னு இருந்தோம். வரலீங்களா?”

நான் வாயைத் திறந்தேன். “மனைவிக்கு உடல்நலக் குறைவு காரணமாக…” என்றேன்.

மண்டபமே அதிர்ந்தது. நிற்கவே இல்லை அந்தச் சிரிப்பு. நான் வேண்டுமென்று சொன்னேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிரபாவதிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன், சால்வையோடு. மண்டபத்தில் ஆறுக்குட்டி ஒருவர்தான் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சால்வையை நாற்காலியில் போட்டேன். சுலோச்சனா, நீ வேண்டும். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

கடிதம் எழுதப் பார்த்தேன். ‘அன்புள்ள’ என்று ஆரம்பித்து மூன்று தாள் கிழித்தேன். எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது. மனு எழுதத் தெரியும். கடைசியில் பெரிய தாளில், இடது பக்கம் மார்ஜின் விட்டு, எழுதினேன்.

‘சுலோச்சனா அவர்கள் சமூகத்துக்கு. 21.8.1986 அன்று தாக்கல் செய்திருக்க வேண்டிய வாய்தா மனு. மனுதாரர் பணிந்து தெரிவிப்பது: என் மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். எங்கள் ஆண் குழந்தை இறந்து பிறந்தது. ஆகையால் இன்று நான் கோர்ட்டில் இருக்க இயலாது. அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். இம்மனுவை அன்றே தாக்கல் செய்யாததற்குக் காரணம் கட்சிக்காரரின் வற்புறுத்தலும் வழக்கின் அவசரமுமே. முப்பத்தேழு வருஷத் தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்குமாறு வேண்டுகிறேன்.’

என் வாழ்நாளில் மனைவியின் உடல்நிலை பற்றி எழுதிய முதல் உண்மையான மனு. நாளை ஆறுக்குட்டியிடம் கொடுத்துப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்ப வேண்டும்.

ஜூலை 29, சனி

ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. பெற்றுக்கொண்டவர் கையொப்பம்: ‘செ. சுலோச்சனா’.

பச்சை மையில், சற்றுச் சாய்ந்து. அந்த ‘செ.’ சென்னியப்பன், நான். இன்னும் போட்டிருக்கிறாள். பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஆறுக்குட்டி வந்ததும் பேப்பருக்கு அடியில் மறைத்தேன், அவர் பேப்பரைத்தான் முதலில் எடுப்பார் என்று தெரிந்தும்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு நோம்பி. அமராவதியில் தண்ணீர் வந்திருக்கிறதாம். ஆறுக்குட்டியின் சம்சாரம் ஒரு தூக்கில் காப்பரிசி கொடுத்தனுப்பியிருந்தாள். சுலோச்சனா இன்று மஞ்சள் கயிறு மாற்றுவாள். மாற்றும்போது என்னைக் கூப்பிட்டு முதுகுப் பக்கம் முடிச்சைப் போடச் சொல்வாள். இந்த வருஷம் யார் போட்டிருப்பார்கள்? மாற்றினாளா?

தயிர் உறைந்தது. சொல்ல ஆள் இல்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

என் மனு திரும்பி வந்துவிட்டது.

கவரைப் பிரித்தால் நான் அனுப்பிய அதே தாள். இடது பக்க மார்ஜினில், கோர்ட் ஆபீஸில் குறை கண்ட மனுவைத் திருப்பும்போது எழுதுவார்களே, அந்த இடத்தில், பச்சை மையில்:

‘காரணம் உண்மையாக இல்லை. திருப்பப்படுகிறது.’

ஆறுக்குட்டி வாங்கிப் படித்தார். கோயிலில் விபூதி வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார்.

“ஹெட் கிளார்க்கெல்லாம் தோத்தாங்க. அம்மா சரியாத்தான் திருப்பியிருக்கறாங்க வக்கீலய்யா.”

“என்னங்க சரி?”

“கட்சிக்காரரு வற்புறுத்துனாருன்னு எழுதீருக்கறீங்க. அன்னிக்கு அவரு கோர்ட்டுக்கே வரலீங்களே. அவுங்க காட்டுல கெணத்து மோட்டாரு ரிப்பேருன்னு மொத நாளே சொல்லியுட்டாரு.”

நான் காலிக் கவரை மடிக்க ஆரம்பித்தேன்.

“நானுமு அங்கதானுங்க நின்னுட்டிருந்தேன். உங்க மச்சான் வேலுச்சாமி சைக்கிள்ல வந்து வாசப்படியில நின்னுச்சு. இருவத்திரண்டு வயசுப் பையன், சட்டையெல்லாம் நனைஞ்சு கெடந்துது. ‘அக்கா மாமனையே கேட்டுட்டிருக்குது’ன்னுச்சு. நான் வந்து உங்க காதுல சொன்னனுங்க. நீங்க திரும்பிப் பாத்தீங்க. அப்பறம்தான் அந்த வக்கீலு வாய்தா கேட்டாரு, நீங்க எந்திரிச்சு ஆட்சேபணைன்னீங்க.” மனுத் தாளை மடித்து வைத்தார். “முப்பத்தேழு வருசம் நானும் வாயத் தொறக்கலீங்க. எனக்கும் அதுல பங்கிருக்குது. கொறைய நிவர்த்தி பண்ணி மறுக்கா போடுங்க.”

போகும்போது படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மறுதாக்கல் செய்யும் மனுவின் நகல். டைரியிலும் எழுதி வைக்கிறேன், உறையில் எழுதுவதுபோல.

‘சுலோச்சனா, கட்சிக்காரர் வற்புறுத்தவில்லை. ஜட்ஜ் மறுக்கவில்லை. அவரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், நல்ல மனிதர்.

எனக்குப் பயம். அதுதான் காரணம்.

எனக்கு எட்டு வயதில் எங்கள் வீட்டில் ஒரு குழந்தை தவறிப்போனது. பிறந்து நாலு நாள். பச்சைக் குழந்தையை அப்பாதான் கையில் ஏந்திக்கொண்டு போய்க் குழியில் வைக்க வேண்டும் என்றார்கள். அம்மாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றி அப்பாவின் கையில் கொடுத்தார்கள். நான் பின்னாலேயே போனேன். என் அப்பா குழிக்குள் வைத்துவிட்டு எழுந்திருக்கவில்லை. நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் யாரையும் தூக்கிக் கொஞ்சி நான் பார்த்ததில்லை.

வேலுச்சாமி வாசலில் நின்றதைப் பார்த்தேன். இப்போது போனால் என் கையில் கொடுப்பார்கள் என்று தெரிந்தது. எதிர்த்தரப்பு வாய்தா கேட்டபோது எனக்கு உயிரே போய்விட்டது. தள்ளிவைத்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டுமே! அதனால் ஆட்சேபித்தேன். ஒன்றுமில்லாத ஒரு சாட்சியை ஐந்து மணிவரை குறுக்கு விசாரணை செய்தேன். வரப்பு எத்தனை அடி, வேப்பமரம் எந்தத் திசை என்று கேட்டதையே கேட்டேன். எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு வந்தேன். வேலுச்சாமி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தான். கையில் மண் இருந்தது. அவன் சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ அன்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் பத்து நிமிஷ தூரத்தில் இருந்தேன்.

நம் பையனை நான் பார்க்கவில்லை. எப்படி இருந்தான் என்று உன்னிடம் கேட்டதும் இல்லை. கேட்கும் உரிமை இல்லை என்று நினைத்தேன். தினமும் கேட்க நினைத்தேன்.

மேலே கண்டவை யாவும் உண்மை.’

‘எட்டிய வரையில்’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

தபால்காரர் வந்தார். பக்கத்து வீட்டுக்கு.

ஆகஸ்ட் 11, வெள்ளி

தபால்காரர் வரவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மேகலா பேசினாள். குரல் சரியில்லை.

“அப்பா, அம்மாவுக்கு என்னப்பா எழுதுனீங்க? படிச்சுட்டு மொட்டை மாடிக்குப் போனவங்க ரொம்ப நேரம் எறங்கவே இல்ல. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க.”

பழைய கேஸ் விஷயம் என்று சொல்லியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது. கேஸ் விஷயம்தானே, பொய்யும் இல்லை.

“உனக்கு ஒரு தம்பி பொறந்தான் கண்ணு. உனக்கு மூணு வயசு. உசுரில்லாமப் பொறந்தான். உங்கம்மா அன்னிக்குத் தனியாக் கெடந்தா. நான் பயந்துட்டுப் போகலே.”

போனில் பேத்தி தூரத்தில் ஏதோ கேட்பது கேட்டது. அப்புறம், “சாப்டீங்களாப்பா?” என்றாள். சாப்பிட்டேன் என்றேன். உடனே, “இல்லை, இன்னும் சாப்பிடலே” என்று திருத்திச் சொன்னேன். உண்மை சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

வந்துவிட்டது.

கவரைப் பிரிக்கக் கை வரவில்லை. ஆறுக்குட்டியிடம் நீட்டினேன். “இதுல எனக்கு அதிகாரமில்லீங்க” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நானே பிரித்தேன்.

என் மனு. கடைசியில், எதிர்த்தரப்பு கையெழுத்துப் போடும் இடத்தில், பச்சை மையில்:

‘ஆட்சேபணை இல்லை. வாய்தா 21.8.2023. நேரில் ஆஜராகவும். எதுவும் எழுதிக்கொண்டு வரக்கூடாது. என் கண்ணாடியை எடுத்து வரவும். — செ. சுலோச்சனா.’

“முப்பத்தேழு வருச வாய்தா” என்றார் ஆறுக்குட்டி. “நம்ம கோர்ட்டுலகோட இவ்வளவு நீளமா ஆரும் குடுத்ததில்லீங்க.” சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு கிழவர்கள் கட்டுகளுக்கு நடுவில் நின்று அழுவதைத் தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டாம்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வேட்டி சட்டை தேய்த்தாயிற்று. கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டாயிற்று. ஒரு சின்னத் தூக்கில் தயிர். நாளை காலை ஐந்தரை மணி பஸ்.

ஆகஸ்ட் 21, திங்கள்

கோயமுத்தூர், மேகலா வீடு. பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. இந்தப் பக்கத்தில் ‘எதற்காக’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன்.

பஸ் பல்லடத்தில் அரை மணி நேரம் நின்றது. வெயில் ஏறுவதற்குள் வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்தவள் சுலோச்சனாதான். இளைத்திருக்கிறாள். தயிர்த் தூக்கை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தாள். “பால் கொதிக்கக் கொதிக்க ஊத்தீருப்பீங்க, அதுதான் தண்ணி உட்டிருக்குது. கை பொறுக்கற சூட்டுல ஊத்தோணும்” என்றாள். இரண்டரை மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மேகலா எங்களை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். பின்னால் துணி காய்கிற வராந்தாவில் உட்கார்ந்தோம். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் என் முகத்தைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

“ஊருக்கு எப்ப வருவேன்னு கேக்காதீங்க. அதெனக்கே தெரியல.”

“கேக்கலே.”

“அவனப் பத்திச் சொல்லோணும்னு முப்பத்தேழு வருசமா வெச்சிருக்கறேன். ஆராச்சும் கேக்கட்டும்னு இருந்தேன். எங்கம்மாகூட மறந்துரு மறந்துருன்னுச்சு. இப்பக் கேக்கறீங்களா?”

கேட்டேன். வாயால் கேட்டேன். “எப்படி இருந்தான் சுலோச்சனா?”

அவள் சொல்லச் சொல்ல நான் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸ் ஒரு தடவை மடியில் வைத்தாளாம், தூங்குகிற பிள்ளையைப் போலத்தான் கனத்தானாம். விரல்கள் நீளமாம், மூக்கு என்னுடையதாம், காது அவள் அப்பாவுடையதாம். இடது கையை மூடியே வைத்திருந்தானாம், அவள் பிரித்து விரலை உள்ளே கொடுத்து வைத்திருந்தாளாம், வேலுச்சாமி வந்து வாங்குகிறவரை.

சொல்லிக்கொண்டே என் கைகளை எடுத்து, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டையும் சேர்த்து வைத்தாள். இவ்வளவு நீளம்தான் இருந்தான் என்று நுனி விரலிலிருந்து முழங்கைவரை அளந்து காட்டினாள். நான் கையை அப்படியே வைத்திருந்தேன். எடுக்கவில்லை.

தலை நிறைய முடி இருந்ததாம்.